முதல் குண்டு கணக்கில் வராது

சர்வீஸ் வேலையில் மிகச் சுலபமாக எழுதக்கூடிய வரி ஒன்று இருக்கிறது. ‘பரிசோதித்துப் பார்த்ததில் குறை எதுவும் இல்லை.’ இதை எழுதினால் பாகம் எதையும் மாற்ற வேண்டாம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டு அவர்கள் தூங்கி எழும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். மேலே இருப்பவர்களும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இந்த வரியை எழுதியிருப்பீர்கள். இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அந்த வரியைப் பற்றித்தான், சர்வீஸ் வேலை பார்க்கும் இளைஞர்களான உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. அதனால் கொஞ்சம் உரக்கவே சொல்லலாம்.

எங்கள் கம்பெனி போட்டிகளுக்கான காற்றுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்து விற்றது. வாரண்டி இருக்கும்வரை பழுது பார்த்தும் கொடுத்தது. ஒரகடம் போகிற சாலையில் லாரி உதிரிபாகக் கிடங்குகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். முன்பக்கம் கிடங்கும் மேனேஜர் அறையும், பின்பக்கம் நீளமாக சர்வீஸ் அறை. அந்த அறையில் நான் ஒருத்திதான். ஒரு முனையில் துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பூட்டும் இரும்பு வைஸ், மறுமுனையில் இலக்கு அட்டை, நடுவில் காலி இடம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் வாடகை வீடு. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். பகல் முழுவதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் நிறைய உண்டு. சாயங்காலம் டிரைவரிடம் ஏதாவது கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும்.

வருகிற புகார்களில் பாதி வேடிக்கையாக இருக்கும். ஆயுத பூஜை முடிந்த வாரம் வரிசையாகத் துப்பாக்கிகள் வரும். திறந்து பார்த்தால் குழலுக்குள் குங்குமம். ஒரு வாத்தியார் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார், “தையல் மிஷினுக்கு இதுதான் விடுவோம்” என்று விளக்கமும் சொன்னார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு திமிர் வந்துவிடும். துப்பாக்கியில் தவறு இருக்காது, ஆளிடம்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுவோம்.

ஏகாம்பரம் ஐயா விஷயத்திலும் அப்படித்தான் முடிவு கட்டினோம்.

அவர் வடக்குப்பட்டுக்காரர். விவசாயக் குடும்பம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் ஓசூரில். சின்ன வயதில் திருவிழாக் கடையில் பலூன் சுட்டால் ஒன்றுகூடத் தப்பாதாம். அந்த நினைப்பில், நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு துப்பாக்கிக் கிளப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறார். முதியோர் பிரிவில் ஜெயிக்கவும் ஆரம்பித்தார். ஊரில் மற்றவர்கள் நிலம் விற்ற காசில் கார் வாங்கினார்கள் என்றால், இவர் கையில் மிச்சமிருந்ததைப் போட்டு எங்களிடம் இருந்ததிலேயே விலை கூடிய துப்பாக்கியை வாங்கினார். பெட்டியைத் திறந்து காட்டிய அன்று அதைத் தொடுவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வாங்கிய கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்.

“இன்னா மேடம், நல்லா கீறீங்களா? இந்தத் துப்பாக்கி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நாலு குண்டு நடுவுல போவுது. திடீர்னு ஒண்ணு மேல தூக்கினு போய்டுது.”

“எப்ப ஐயா மேல போகுது?”

“அதான் தெரியல. கை நடுங்குற மாரி கீது. சரின்னு கொஞ்ச நேரம் ஸ்டாண்டுல வெச்சிட்டு, மூச்சு வாங்கிகினு எடுத்து சுடுறேன். அப்பவும் மேலதான் போவுது.”

இதில் முக்கியமான தகவல் எல்லாமே இருக்கிறது. ஆனால் ‘கை நடுங்குது’ என்ற இடத்திலேயே எங்கள் காது மூடிக்கொண்டது.

எங்கள் பரிசோதனை முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியை வைஸில் பூட்டுவோம், காற்று நிரப்புவோம். முதல் குண்டை அட்டை இல்லாமல் சும்மா சுட்டுவிடுவோம். குழலில் தூசி, எண்ணெய் ஏதாவது இருந்தால் அதோடு போகட்டும் என்று. ‘முதல் குண்டு கணக்கில் வராது’ என்பது எனக்கு முன்னாலிருந்தவர் எனக்குச் சொன்னது, அவருக்கு அவருக்கு முன்னாலிருந்தவர் சொல்லியிருப்பார். அதன்பிறகு அட்டையை மாட்டிப் படபடவென்று பத்துக் குண்டு. ஏகாம்பரம் ஐயாவின் துப்பாக்கியில் அந்தப் பத்தும் ஒரே துளையில் போயின. குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். அவர் வீட்டுக்குப் போனார், மறுபடி வந்தார். மறுபடி பத்தும் ஒரே துளையில்.

அதன்பின் அவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, துப்பாக்கிப் பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார். நான் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பேன். அவர் ஊர் ஏரியைப் பற்றி, மகள் வீட்டு நாயைப் பற்றி ஏதாவது சொல்வார். மேனேஜர் என்னைவிட வயதில் சிறியவர், கெட்டவர் கிடையாது, ஆனால் அவசரக்காரர். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மேடம், அந்தாளு டைம்பாஸுக்கு வர்றாரு. வீட்ல பேச ஆளில்ல. இங்க வந்தா ஃபேன் இருக்கு, காபி இருக்கு, நீங்க இருக்கீங்க. துப்பாக்கி ஒரு சாக்கு.”

கிடங்கில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். ‘உங்க ஃபிரண்டு வந்துட்டாரு’ என்று கிண்டல் வேறு. நானும் சிரித்துக்கொள்வேன். தனியாக இருக்கிற கிழவர், பேச்சுத்துணை தேடுகிறார் என்ற கதை எல்லோருக்கும் வசதியாக இருந்தது, எனக்கும்.

வாரண்டி முடியப்போகும் சமயம். மேனேஜர் ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ‘துப்பாக்கியில் குறை இல்லை, உபயோகிப்பவரின் கையாளும் முறையில்தான் பிழை என்று நான் ஒப்புக்கொள்கிறேன்’ – இதுதான் அதன் சாரம். ஏகாம்பரம் ஐயா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் புகார் நிரந்தரமாக மூடப்படும்.

“இன்னிக்கு வர்றாருல்ல? சுட்டுக் காட்டுங்க, சைன் வாங்குங்க, முடிச்சிடுங்க. ஹெட் ஆபீஸ்ல தினம் கேக்குறாங்க மேடம்.”

அவர் வந்தார். அன்றைக்கு ஏரியும் நாயும் எதுவும் இல்லை. பெட்டியை வைத்துவிட்டு நேராகச் சொன்னார்.

“ஞாயித்துக்கெயம கிளப்புல செலக்‌ஷன் மேடம். போன தபா நடுவுல ரெண்டு குண்டு மேல போய்டுச்சி. ‘பெருசு, வயசாயிடுச்சு, போதும் வுட்டுடு’ன்றானுங்க. இந்தத் தபாவும் அப்டி ஆச்சின்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாங்கோ. இன்னிக்கு நல்லா பாத்து சொல்லிடுங்கோ.”

நான் வழக்கப்படி பூட்டினேன், நிரப்பினேன், முதல் குண்டைச் சும்மா விட்டேன். அட்டையை மாட்டிப் பத்துக் குண்டு சுட்டேன். ஒரே துளை. அட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிலர் மேஜையைத் தட்டுவார்கள், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்பார்கள், அதையெல்லாம் சமாளிக்க எனக்குத் தெரியும். இவர் துளையை விரலால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“அப்போ கையிதான்” என்றார்.

“அப்பிடி இல்ல ஐயா…”

“துப்பாக்கில ஒண்ணும் இல்லன்னா எங்கையில தான மேடம் கீது? எங்கண்ணனுக்கு இப்டிதான் ஆரம்பிச்சிது. காபி டம்ளர்ல. மொதல்ல ரெண்டு சொட்டு சிந்துவாரு. அப்பறம் டம்ளரையே தூக்க முடியாது. சட்ட பட்டன் போட முடியாது. கடைசில சோறு நான்தான் ஊட்டினேன். எனக்கு ஊட்ட ஆரு கீறாங்கோ, சொல்லுங்க?”

எனக்கு அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை தடவை பஸ் மாறி வந்தவர் பேச்சுத்துணைக்காக வரவில்லை. துப்பாக்கியில் ஏதோ குறை இருக்கிறது என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்று வந்திருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு தடவையும், குறை உன்னிடம்தான் என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறோம்.

மேஜையில் காகிதம் இருந்தது, பேனா இருந்தது. எனக்கு அதை அவர் பக்கம் தள்ள மனம் வரவில்லை. காபி ஊற்றினேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அண்ணனைப் பற்றி நிறைய சொன்னார். மனைவி போனபின் வீட்டில் கதவைத் திறந்தால் வருகிற அந்த அமைதியைப் பற்றிச் சொன்னார். நானும் என் கதையைக் கொஞ்சம் சொன்னேன் என்று நினைக்கிறேன். வேலை நேரத்தில் வாடிக்கையாளரிடம் வளவளவென்று பேசக்கூடாது என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு நன்றாகவே பேசினோம். துப்பாக்கி வைஸில் பூட்டியபடி, காற்று நிரப்பியபடி சும்மா கிடந்தது.

கடைசியில் அவரே காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

“எங்க போடணும்? சரி, அதுக்கு முன்னாடி இன்னொரு தபா சுட்டுக் காட்டுங்க மேடம். கண்ணால பாத்துட்டு மனச தேத்திக்கிறேன்.”

எழுந்து போய்ப் புது அட்டையை மாட்டினேன். மனம் அவர் அண்ணனிடம் இருந்தது. முதல் குண்டைச் சும்மா விடவேண்டும் என்பது மறந்தே போயிற்று. நேராக அட்டையில் சுட்டேன்.

குண்டு மேலே போயிருந்தது, நடுவட்டத்தைவிட்டு நன்றாகவே மேலே.

அடுத்ததைச் சுட்டேன். நடுவில். அதற்கடுத்ததும் நடுவில். நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“மேடம், இதுல எங்கை படல” என்றார் மெதுவாக.

துப்பாக்கியைப் பிடித்திருந்தது இரும்பு வைஸ். அதற்கு அண்ணன் தம்பி கிடையாது, நடுக்கமும் கிடையாது.

அதற்கு மேல் விளக்குவது சுலபம். சமையல் சிலிண்டரில் இருப்பதுபோல இதற்குள்ளும் ஒரு ரெகுலேட்டர் உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைக் கொடுப்பது அதன் வேலை. இந்தத் துப்பாக்கியில் அது சரியாக மூடவில்லை. படபடவென்று சுட்டால் ஒன்றும் தெரியாது. சும்மா வைத்திருந்தால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே சேர்ந்துவிடும். அதற்குப்பின் சுடுகிற முதல் குண்டு வேகம் கூடி மேலே போகும். அந்த ஒரு குண்டைத்தான் நாங்கள் வருடக்கணக்காகக் கணக்கில் சேர்க்காமல் சுவரில் சுட்டுக்கொண்டிருந்தோம். ஏகாம்பரம் ஐயாவோ கை நடுங்குகிறதோ என்று பயந்து துப்பாக்கியைக் கீழே வைப்பார். எடுத்துச் சுடுவார். குண்டு மேலே போகும். பயம் கூடும். அடுத்த தடவை இன்னும் அதிக நேரம் வைப்பார், இன்னும் மேலே போகும். ஒரு மனிதன் தன் கையைத் தானே சந்தேகப்பட இதைவிட வேறு என்ன வேண்டும்?

“இன்னொரு தடவை பாத்துருவோம் ஐயா. இப்ப நாம ஒண்ணும் செய்யக்கூடாது. சும்மா உக்காரணும்” என்றேன்.

உட்கார்ந்தோம். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு சுட்டேன். மேலேதான்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் காகிதத்தைத்தான் பார்த்தார்.

“சைன் ஆச்சா?”

“ஆகல சார். ரெகுலேட்டர் போயிருக்கு. முதக் குண்டு மேல போகுது.”

“முதல் குண்டு கணக்குல வராது மேடம். ப்ரொசீஜர்லயே இருக்கு.”

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். “கணக்குல வராதுன்னு நாமதான சார் சொல்லுதோம்? அவரு போட்டிக்கு நடுவுல கீழ வச்சிட்டு எடுத்துச் சுடுத குண்டு கணக்குல வருதுல்லா?”

“இத ஒத்துக்கிட்டா இதுவரைக்கும் க்ளோஸ் பண்ணின எல்லாத்தையும் திரும்ப ஓப்பன் பண்ணணும். ஹெட் ஆபீஸுக்கு யாரு பதில் சொல்றது?”

நியாயமான பயம்தான். அவருக்கும் குடும்பம் இருந்தது. நான் வாதாடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க சார். போனைப் பாக்காதீங்க. அப்புறம் நீங்களே சுடுங்க.”

அவர் பட்ட அவஸ்தை இருக்கிறதே! காலை ஆட்டினார், பாக்கெட்டைத் தொட்டார், கூரையைப் பார்த்தார். ஏகாம்பரம் ஐயா அவருக்கும் சேர்த்துக் காபியை ஊற்றிக் கொடுத்தார். நேரம் போனபின் மேனேஜர் எழுந்து விசையை அழுத்தினார். போய் அட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

பாகம் வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் செலக்‌ஷன் முடிந்துவிடும். “புதுப் பெட்டி ஒண்ணைப் பிரிச்சு அதுலேர்ந்து எடுத்துப் போடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்” என்றார் மேனேஜர். விற்க வைத்திருந்த புதிய துப்பாக்கியைப் பிரிப்பது சாதாரண விஷயம் இல்லை. அவர்மேல் எனக்கு அதுவரை இல்லாத மரியாதை அன்றைக்கு வந்தது. அந்த வாரமே நாங்கள் மூடிவிட்ட பழைய புகார்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஹெட் ஆபீஸில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவற்றிலும் சிலவற்றில் இதே குறை இருந்தது.

ரெகுலேட்டரை மாற்றி முடித்தேன். ஏகாம்பரம் ஐயா வலது கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். லேசாக ஆடத்தான் செய்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இருக்கிற ஆட்டம், இப்போது எனக்கும் இருக்கிறது.

“இது போதும் மேடம். இத வெச்சிகினு சமாளிச்சிப்பேன்” என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினார். “டீம்ல எடுத்துட்டாங்கோ மேடம்! ஒண்ணுகூட மேல போவல!”

அதோடு அவர் வருவது நின்றுவிட்டது. துப்பாக்கி சரியாகிவிட்டது, பின் எதற்கு வருவார்? அவருக்குக் கிளப் இருந்தது, டீம் இருந்தது, வெளியூர்ப் போட்டிகள் இருந்தன. நான் கொஞ்ச நாள் பிளாஸ்கில் இரண்டு பேருக்குக் காபி கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். வாசலில் யாராவது நீளமான பெட்டியோடு இறங்கினால் எட்டிப் பார்ப்பேன். பேச்சுத்துணை தேடி அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தது யார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவரை விட்டுவிட்டால் மிச்சம் ஒருத்திதானே.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். குறை இல்லை என்று எழுதுவதற்கு முன், அப்படியானால் குறை யாரிடம் என்று எழுதுகிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள். வாடிக்கையாளர் எப்படிப் பயன்படுத்துகிறாரோ அப்படிச் சோதியுங்கள். அவர் காத்திருந்தால் நீங்களும் காத்திருங்கள். இந்த வேலையில் சும்மா உட்காருவதும் வேலைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. போன மாதம் என் வீட்டு வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது என்று வாரண்டிக்குப் போன் பண்ணினேன். உங்கள் வயதில் ஒரு தம்பி வந்தார். அச்சு அசலாக நம் தொழில்காரர், சுறுசுறுப்பு. துணியைப் போட்டு ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். நான் கேட்காமலே கொஞ்ச நேரம் சும்மா நிறுத்திவைத்துவிட்டும் ஓட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இடைவெளியில் பக்கத்துப் போர்ஷன் பையன்கள் ஷிப்டுக்குப் போனால் வீடே நிசப்தமாகிவிடுவதைப் பற்றி அவரிடம் சொன்னேன். காபி போடட்டுமா என்று கேட்டேன்.

“இல்லம்மா, இன்னும் மூணு வூடு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். ‘பரிசோதித்துப் பார்த்ததில் குறை எதுவும் இல்லை.’

மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தேன். தம்பி சரியாகத்தான் எழுதியிருந்தார். மெஷினில் குறை எதுவும் இல்லை.